விண்ணரசியைச் சுற்றிப் போன காற்று

கச்சான்முனைக்கு வெளியூர்க்காரர்கள் காற்றைத் தேடி வரத் தொடங்கிய பிறகுதான் விண்ணரசிக்கு அந்தத் தொழில் வந்தது. அதற்கு முன்னால் அவள் ஜாக்கெட் தைத்தாள், பள்ளிக்கூடத்துச் சீருடை தைத்தாள், மழைக்கு முன்னால் படகுகளுக்குத் தார்ப்பாய் தைத்தாள். கணவன் மங்களூர்த் துறைமுகத்தில் விசைப்படகுக்குப் போய், கிறிஸ்துமஸுக்கு வந்தால் உண்டு என்றிருந்ததால், தெருவைப் பார்த்த முன்னறை கடையாகவும் பின்னறை வீடாகவும் அவளுக்குப் போதுமாயிருந்தன.

ராமேசுவரம் தீவின் தெற்குக் கரையில், கடல் முழங்காலுக்கு மேல் ஏறாமல் கண்ணுக்கெட்டிய மட்டும் படுத்துக் கிடக்கிற அந்த ஊரில், வைகாசியில் எழும்பும் கச்சான் காற்று புரட்டாசி வரைக்கும் ஓயாது. அது சோற்றில் மணலைப் போடும், சுவரில் மாட்டிய படங்களைத் திருப்பிவிடும், பேசுகிறவர் வாயிலிருந்து பாதிச் சொல்லைப் பிடுங்கிக்கொண்டு போகும். ஊர்க்காரர்கள் அதைத் திட்டியபடியே பிறந்து, திட்டியபடியே கல்யாணம் முடித்து, திட்டியபடியே செத்துப்போனார்கள். அந்தக் காற்றுக்காகத்தான் பெங்களூரிலிருந்தும் மும்பையிலிருந்தும் கடல் தாண்டியும் ஆட்கள் வந்தார்கள். கால்களைப் பலகையில் மாட்டிக்கொண்டு, இடுப்புப் பட்டையில் பட்டத்தின் கயிறுகளைக் கோத்துக்கொண்டு, தண்ணீர்மேல் வழுக்கி ஓடி, திடீரென்று பனைமர உயரத்துக்கு எழும்பி இறங்கினார்கள். பட்டம் என்றால் பிள்ளைகள் விடுகிற காகிதப் பட்டம் இல்லை. ஒரு வீட்டுக் கூரையளவு துணி, அதன் முன்விளிம்பு நெடுகிலும் காற்றடைத்த தடித்த குழல், குழலுக்குள்ளே சைக்கிளுக்கு இருப்பதுபோல ஒரு டியூப். கிழிந்த பட்டங்களை முதலில் தூக்கி எறிந்தார்கள். விண்ணரசி அப்படி எறிந்த ஒன்றை எடுத்துவந்து, பிரித்து, எப்படித் தைத்திருக்கிறார்கள் என்று பார்த்து, திரும்பத் தைத்தாள். அது பறந்தது. அன்றிலிருந்து கிழிந்ததெல்லாம் அவள் கடைக்கு வந்தது.

கரையிலிருந்த பட்டப் பள்ளியில் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலைக்கு முதலில் சேர்ந்த உள்ளூர்க்காரன் தஸ்நேவிஸ். மீன்காரன் மகன், கல்யாணமாகி ஒரு பெண்குழந்தை. பள்ளிப் பட்டத்தில் பறந்து பறந்து, கடைசியில் தனக்கென்று ஒன்று வாங்கினான். சென்னையில் நிரஞ்சன் என்பவர் நடத்திய கடையிலிருந்து, ஒரு வருட வாரண்டியோடு, சிவப்பும் மஞ்சளுமாக. அதை வாங்கிய மாதமே, அது நடுவானில் திறந்துகொண்டது. உச்சியில் இருந்தவன் ஆழமில்லாத தண்ணீரில், கெட்டி மணலில் விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டான். மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மருத்துவமனையில் கண் விழித்ததும் அவன் சொன்னது, "மேல இருக்கும்போதே பட்டன் தெறிக்கிற மாதிரி வரிசையா ஒரு சத்தம் கேட்டுச்சு. அப்புறம்தான் விழுந்தேன்" என்பது.

பட்டம் விண்ணரசியிடம் வந்தது. அவள் மேசையில் விரித்த மாத்திரத்தில் தெரிந்துபோயிற்று. பாறை கிழித்தால் துணி கிழியும், நூல் நூலாகப் பிசிறு தொங்கும். இதில் துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. தையல் மட்டும் விட்டுப்போயிருந்தது. இரண்டாக மடித்த துணியில் தொழிற்சாலை ஊசி ஒரு மடிப்பை மட்டும் பிடித்துக்கொண்டு, மறு மடிப்பைத் தொடாமலே முழு நீளத்துக்கும் ஓடியிருந்தது.

அன்றே நிரஞ்சன் போன் செய்தார்.

"மேடம், பார்த்தீங்களா? பாறைதானே?"

"இல்ல சார். தையல் விட்டிருக்கு. செஞ்ச இடத்துலயே தப்பு."

அவர் குரலைத் தணித்துக்கொண்டு மிகவும் அன்பாகப் பேசினார். "நான் சொல்றதைக் கேளுங்க. இது தொழிற்சாலைத் தப்புன்னு போனா, கம்பெனி இந்த மாடல் முழுக்கத் திருப்பி எடுக்கணும், என் கடையே ஆடிப்போகும். தென்தமிழ்நாட்டுக்கே உங்களைத்தான் சர்வீஸ் சென்டர் ஆக்கணும்னு கம்பெனிக்குச் சொல்லிவச்சிருக்கேன். போர்டு அடிச்சு ரெடியா இருக்கு, உங்க பேர் போட்டு. கரையில பாறை இருக்குல்ல? பாறைன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்க, கூட ஒரு போட்டோ. அவ்வளவுதான்."

விண்ணரசிக்கு அந்த போர்டுதான் கண்ணில் நின்றது. ஊரில் இதுவரை எந்தப் பெண்ணின் பேரும் எந்தப் பலகையிலும் ஏறியதில்லை, கல்லறைச் சிலுவையைத் தவிர. அவள் குரல் பதிந்து அனுப்பினாள். "பாறையில உரசிக் கிழிஞ்சிருக்கு சார்." பிறகு போட்டோவுக்காகப் பட்டத்தைப் பின்வாசலுக்கு எடுத்துக்கொண்டு போய், ஒரு சிப்பி ஓட்டைப் பொறுக்கி, பிரிந்த தையலின் ஓரமாகத் துணியைக் கீறினாள். நல்ல துணி. கீறக் கீற அது கையை எதிர்த்தது. அவள் அழுத்திக் கீறினாள்.

கீறிக்கொண்டிருக்கும்போதே, அடித்து அடித்துத் திறந்துகொண்டிருந்த பின்கதவு நின்றது. மடியில் துடித்துக்கொண்டிருந்த துணி அடங்கிப் படுத்தது. காற்று விழுந்துவிட்டது என்று நினைத்து அவள் நிமிர்ந்தால், பக்கத்து வீட்டு ஞானப்பூவின் கொடியில் சேலைகள் பறந்துகொண்டிருந்தன, பனைகள் தலையை ஒரே பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தன. அவள் எழுந்து சந்துக்கு வந்தாள். கச்சான் சந்துக்குள் மணலை வாரிக்கொண்டு வந்து, அவளுக்கு ஒரு கை தூரத்தில் இரண்டாகப் பிரிந்து, அவள் முதுகுக்குப் பின்னால் மறுபடி சேர்ந்துகொண்டு போயிற்று.

முதலில் கண்டுகொண்டது ஞானப்பூ. முறத்தில் உளுந்து புடைத்தபடி பேச வந்தவள், உமி நேராகத் தன் காலடியிலேயே விழுவதைப் பார்த்து, "என்னடி, உன்கிட்ட காத்து வரல?" என்றாள். "வரல" என்றாள் விண்ணரசி. "நல்லதாப் போச்சு, தலை கலையாது" என்று சொல்லிவிட்டு ஞானப்பூ புடைத்து முடித்தாள்.

அப்படித்தான் ஊர் அதை எடுத்துக்கொண்டது. பீடி பற்றவைக்க ஆண்கள் கடை வாசலில் வந்து ஒதுங்கினார்கள். விறகடுப்புக்காரிகள் அடுப்பைப் பற்றவைக்கிற நேரத்துக்கு, "சித்த வந்து நில்லு தாயி" என்று கூப்பிட்டார்கள். தங்கச்சிமடத்திலிருந்து வந்து தோடும் மூக்குத்தியும் விற்கிறவர், தராசை அவள் மேசையில் வைத்துத்தான் நிறுத்தார். பட்டக்காரர்கள் பறந்து முடித்ததும் நனைந்த பட்டங்களை அவள் பக்கத்தில் கொண்டுவந்து நிதானமாக மடித்தார்கள். வேறெங்கும் அதை மடிக்க நாலு பேர் வேண்டும். ராமநாதபுரத்துக் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் சின்னக் காற்றாடி வைத்த கருவியோடு வந்து, அவளை நோக்கி நடந்தார், விலகி நடந்தார், காற்றாடி ஒரு கை தூரத்தில் நிற்பதையும் திரும்பச் சுற்றுவதையும் பார்த்தார், ஞானப்பூ வீட்டில் பாரைமீன் குழம்பு சாப்பிட்டார், ஊர் மிகவும் பிடித்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாவற்றையும்விடப் பெண்கள் போன் பேச வந்தார்கள். அந்த ஊரில் பாதி ஆண்கள் கத்தாரிலும் குவைத்திலும் இருந்தார்கள். கச்சான் மாதங்களில் வீட்டுக்கு வெளியே சிக்னல் உண்டு, குரல் கேட்காது. வீட்டுக்குள்ளே குரல் கேட்கும், சிக்னல் இல்லை. விண்ணரசியின் வாசலில் இரண்டும் இருந்தன. பெண்கள் அவளை ஒட்டி உட்கார்ந்து, அவள் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருக்க, கணவன்மாரிடம் பேசினார்கள். திட்டினார்கள், கொஞ்சினார்கள், அழுதார்கள். அவள் கேட்கிறாள் என்ற கூச்சம் அவர்களுக்கு இல்லை. "விண்ணரசிதானே, அவ வாயிலிருந்து ஒண்ணும் வெளிய வராது" என்றார்கள். அந்த நம்பிக்கை அவள் நெஞ்சில் மீன்முள் மாதிரி நின்றது. கேட்கிற ஒவ்வொரு ரகசியத்துக்கும் தன்னிடம் ஒரு பதில் ரகசியம் இருப்பதை நினைத்து, குனிந்த தலை நிமிராமல் தைத்தாள்.

ஏன் உன்னிடம் மட்டும் காற்று வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. சென்னையிலிருந்து போர்டு வந்தது, நீல எழுத்தில் அவள் பேரோடு. தெருவிலிருந்த போர்டெல்லாம் கச்சானில் கடகடவென்று ஆட, அவளுடையது மட்டும் சுவரில் அறைந்த ஆணி மாதிரி நின்றது. வியர்வை அவள் உடம்பிலேயே பூத்து அங்கேயே காய்ந்தது. கடற்கரைக்குப் போவதை நிறுத்தினாள், ஏனென்றால் அவள் கரையோரம் நடந்தால் அந்த நேரம் பக்கத்தில் நிற்கிற பட்டம் கல்லைப் போல விழுந்தது. கடலைப் பார்க்காமல் கச்சான்முனையில் குடியிருக்க முடியும் என்று அவளுக்கு முன்னால் யாருக்கும் தெரியாது.

தஸ்நேவிஸ் ஊன்றுகோலோடு ஊர் திரும்பினான். பாறை இருக்கிற பக்கம் பட்டம் விட்டது அவன் குற்றம் என்று பள்ளி அவனை வேலையிலிருந்து எடுத்துவிட்டது. சொல்லிக்கொடுக்கிறவனே பாறையைப் பார்க்காவிட்டால் படிக்க வருகிறவர்கள் கதி என்ன என்று கேட்டார்கள். அதில் நியாயம் இருந்தது, பாறை இருந்திருந்தால். அவன் ஐஸ் கொட்டகையில் உட்கார்ந்து, வருகிற கூடைகளுக்கு ஐஸ் உடைத்துப் போட்டான்.

ஆவணி மாதத் திருவிழாவுக்குக் கொடி ஏறியது. கொடிமரத்தருகே விண்ணரசியை நிறுத்தினால் கொடி துவண்டு தொங்கியது என்பதால் அவளைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். பவனி கிளம்பியதும் கூப்பிட்டு, மாதா சுரூபத்தை ஒட்டி நடக்கவைத்தார்கள். கச்சான்முனையில் மெழுகுவர்த்திப் பவனி என்பது அணைந்த திரிகளைப் பிடித்துக்கொண்டு நடப்பதுதான். அன்று முதல்முறையாக, மாதாவைச் சுற்றி நடந்தவர்கள் கையில் சுடர்கள் ஆடாமல் நின்றன. வயதான ஆண்கள்கூட அழுதார்கள். தேர்த் திருநாளுக்கு ஊர் முழுக்க அவளை ஒட்டி எப்படி வரிசை கட்டுவது என்று விழாக் கமிட்டித் தலைவர் கயத்தான் அன்றே யோசிக்க ஆரம்பித்தார்.

அடுத்த வாரத்தில் ஒரு முற்பகல், பெண்கள் கூட்டம் கலைந்த பிறகு, தஸ்நேவிஸ் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, ஒரு போன் பேசிக்கிடட்டா? சென்னைக் கடைக்கு. கொட்டகைல நின்னு பேசினா அவுகளுக்கு ஒண்ணுமே கேக்கல."

"பேசு" என்றாள்.

அவன் வாசலை ஒட்டிய ஸ்டூலில் உட்கார்ந்து, ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரைப் போட்டான். நிரஞ்சனின் குரல் அறை முழுக்க வந்தது.

"தஸ்நேவிஸ், எத்தனை தடவை சொல்றது? பாறைல மோதினா வாரண்டி கிடையாது. கம்பெனில முடிச்சிட்டாங்க."

"வாரண்டி வேண்டாம் சார். ஸ்கூல்ல நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். நான் வேணும்னு பாறைப் பக்கம் போகலன்னு."

"உங்க ஊர் டெக்னீஷியனே பார்த்துச் சொல்லியாச்சே."

"அதான் சார், அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்." அவன் விண்ணரசியைப் பார்த்து ஒரு தரம் தலையசைத்துக்கொண்டான், அவளுக்கு மரியாதை செய்கிற மாதிரி. "ஒரு சத்தம் கேட்டுச்சுன்னு முதல்ல சொன்னேன்ல, அது பயத்துல கேட்டதா இருக்கும். பாறை இருந்தது எனக்கு நெனப்புல இல்ல. ஆனா இருந்திருக்கும். அக்கா துணியைக் கையில வச்சுப் பாத்திருக்காக, நான் மேல பயந்துபோய்க் கிடந்தவன். என் தப்புதான்னு எழுதித் தரேன் சார். கரையில நின்னு சொல்லிக்குடுக்கிற வேலையாவது…"

"பார்க்கலாம்" என்றது போன். பேச்சு அறுந்தது.

அசைவற்ற அந்த அறையில் அவன் மூச்சு இழுத்து இழுத்து வருவது கேட்டது. அவனிடமிருந்து இடுப்பும் வேலையும் போனது அவளுக்குத் தெரிந்திருந்தது. அவன் காதால் கேட்டதையும் தான்தான் பிடுங்கிக்கொண்டோம் என்பது இப்போதுதான் தெரிந்தது. பிடுங்கியவள் பேரில் இருந்த மரியாதையினாலேயே அவன் அதைத் தூக்கிக் கொடுத்திருந்தான்.

"தஸ்நேவிசு, பாறை இல்ல."

"என்னக்கா?"

"அங்க பாறையே இல்ல. தையல்தான் விட்டுச்சு. ஊசி ஒரு மடிப்பைத்தான் புடிச்சிருந்தது. கடைக்காரர் பாறைன்னு சொல்லச் சொன்னாரு, சொன்னேன். போட்டோவுக்கு நான்தான் சிப்பியால கீறினேன்."

அவன் அவள் கையைப் பார்த்தான். "அப்ப அந்தச் சத்தம்?"

"கேட்டிருக்கும். தையல் அப்படித்தான் பிரியும்."

"கேட்டுச்சு" என்றான். மறுபடி, சத்தமாக, "கேட்டுச்சுக்கா. லில்லிகிட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமா? விழுந்ததுல எனக்கு மண்டை குழம்பிருச்சு, இனிமே நான் சொல்றதை நம்பாதன்னு சொன்னேன். பொண்டாட்டிகிட்ட."

எழ முயன்றவனுக்கு ஊன்றுகோல் நழுவியது. அவள் தாங்கப் போனாள். "தொடாதீங்க" என்றான். தானாக எழுந்து, தானாக வாசலைத் தாண்டினான். ஒரு கை தூரம் போனதும் கச்சான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

விண்ணரசி பின்வாசலுக்குப் போய் ஞானப்பூவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கரையில் எல்லார் முன்னாலும் சொல்லப்போவதாகவும் சொன்னாள். ஞானப்பூ அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்க் கயத்தானைக் கூட்டிவந்தாள்.

"தப்புதான், யாரு இல்லன்னா?" என்றார் கயத்தான், துண்டை மடியில் போட்டு உட்கார்ந்துகொண்டு. "சொல்லத்தான் வேணும். ஆனா தேர் முடிஞ்ச மறுநாள் சொல்லு."

"ஏன் மாமா?"

"காத்து எதனால உன்னை விட்டுப் போச்சுன்னு இப்பத்தானே தெரியுது. நீ பாட்டுக்குச் சொல்லிட்டு, அது திரும்பி வந்துட்டா? ஊரு தேருக்கு மெழுகுவர்த்திக்குச் சொல்லிவச்சிருக்கு."

"ஸ்கூல்ல இதே பட்டத்தைத்தான் படிக்க வர்றவகளுக்குக் குடுக்காக. அதுலயும் இதே தையல்தான் இருக்கும். தேர் வரைக்கும் எவனும் விழாம இருப்பானா?"

கயத்தானை முந்திக்கொண்டு ஞானப்பூ பேசினாள், கோபமாக ஆரம்பித்து, பாதியில் குரல் இறங்கிப்போய். "எங்களை நெனச்சுப் பாத்தியா? கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இந்தக் கச்சான்லதான் என் வீட்டுக்காரரோட நான் முழுசாப் பேசியிருக்கேன். ஒரு வார்த்தை விடாம. உன் பொய்யில எங்களுக்கு அது கெடைச்சுச்சுன்னா, எங்களை என்ன செய்யச் சொல்ற?"

தன் குற்றத்தில் இத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பது, அதைத் தனியாகச் சுமந்ததைவிட விண்ணரசியைக் கூசவைத்தது.

"ஞாயித்துக்கிழமை" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கரைக்கு வருவது தெரிந்து, பள்ளிக்காரர்கள் பட்டங்களை முன்கூட்டியே இறக்கிவைத்திருந்தார்கள். பூசை முடிந்த ஊரும், நனைந்த உடையோடு வெளியூர்க்காரர்களும் நின்றார்கள். அவள் நடுவில் நின்று சொன்னாள். ஆனால் அவளைச் சுற்றி இருந்த அமைதி ஒரு கை தூரம்தான். அதைத் தாண்டியதும் கச்சான் அவள் சொற்களை வாரிக்கொண்டு போனது. முன்னால் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது. "என்ன சொல்றா?" என்று பின்னால் இருந்தவர்கள் கேட்டார்கள். முன்னால் இருந்தவர்கள் திரும்பிச் சொன்னதில், பட்டத்தைக் கீறியது தஸ்நேவிஸ் என்று ஆகிவிட்டது. அதனால் அவள் கூட்டத்துக்குள் இறங்கி நடந்தாள். ஒவ்வொரு கும்பலாக நின்று சொன்னாள். மீன் விற்கிற பெண்களிடம் சொன்னாள், அவளிடம் சீருடை தைக்கிற பிள்ளைகளிடம் சொன்னாள், பங்குச் சாமியாரிடம் சொன்னாள், கோயம்புத்தூர்க்காரரான பள்ளி ஓனரிடம் சொன்னாள். பாறை இல்லை, தையல்தான் விட்டது, பொய் சொன்னது நான், கீறியது நான். திரும்பச் சொல்லச் சொல்ல அது லேசாகும் என்று நினைத்திருந்தாள், ஆகவில்லை. ஒவ்வொரு முகத்திலும் அது புதிதாகவே விழுந்தது, ஒவ்வொரு முகமும் முதல் முகமாகவே அவளைப் பார்த்தது. ஐஸ் கொட்டகை வரைக்கும் நடந்தாள். அங்கே வாசலில் தஸ்நேவிஸும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் மனைவி லில்லியும் நின்றார்கள்.

"உன் புருஷன் கேட்டது நெசம். அவன் மண்டைக்கு ஒண்ணும் இல்ல" என்று லில்லியிடம் சொன்னாள்.

லில்லி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"இதெல்லாம் சரிம்மா, எங்க பட்டங்களும் அப்படித்தான்னு எப்படிச் சொல்றீங்க?" என்று பள்ளி ஓனர் கேட்டார். "நேத்துப் பொய், இன்னிக்கு உண்மைன்னா நான் எதை நம்புறது?"

"என்னை நம்ப வேண்டாம். நீங்களே கொண்டாங்க. நான் தொடல."

அதே மாடல், அவள் கை படாதது, பள்ளிக் கொட்டகையிலிருந்து வந்தது. மணலில் விரித்து, ஓனரே பம்பை மாட்டி அடித்தார். குழல் புடைத்தது, விறைத்தது, துணி முனகியது. இன்னும், என்றாள் விண்ணரசி. மேலே காற்றில் இருக்கும்போது இதைவிட இழுக்கும். அவர் இன்னும் அடித்தார். அப்போது அது பிரிந்தது. பட் பட் பட் என்று, ஒரு சட்டையின் பட்டன்களை யாரோ கோபத்தில் இழுத்த மாதிரி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் வரிசையாக.

கச்சானை மீறி அந்தச் சத்தம் கரை முழுக்கக் கேட்டது. எல்லாரும் ஐஸ் கொட்டகைப் பக்கம் திரும்பினார்கள். தஸ்நேவிஸ் கண்ணை மூடிக்கொண்டு நின்றான், லில்லி அவன் தோளைப் பிடித்திருந்தாள்.

பிறகு எல்லாரும் விண்ணரசியின் சேலைத் தலைப்பைப் பார்த்தார்கள். அது அசையவில்லை. கயத்தான் சந்தேகத்துக்கு ஒரு தீக்குச்சியை உரசி அவள் பக்கத்தில் நீட்டிப் பார்த்தார். அது விரல் வரைக்கும் நேராக எரிந்தது. கூட்டத்தில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு ஓடியது.

பொய் சொன்னவள் மாதாவை ஒட்டி நடக்கலாமா என்று கோயிலில் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. நடக்கலாம் என்றுதான் முடிந்தது, மெழுகுவர்த்திகள் வாங்கியாகியிருந்தன. தேர்த் திருநாள் அந்தியில், கோயிலிலிருந்து கடற்கரைக்கும் கடற்கரையிலிருந்து கோயிலுக்கும், ஊர் அவளை நெருக்கிக்கொண்டு நடந்தது. முன்பு அன்பினால் ஒட்டி நடந்தவர்கள், இப்போது முகத்தை மறுபக்கம் வைத்துக்கொண்டு, சுடரை மட்டும் அவள் பக்கம் நீட்டினார்கள். எந்தத் திரியும் அணையவில்லை. அவ்வளவு வெளிச்சத்துக்கு நடுவில் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல், அவள் தன் காலைப் பார்த்தபடி முழுத் தூரமும் நடந்தாள்.

நிரஞ்சன் ஒரே ஒரு முறை பேசினார், இனிமேல் எந்தக் கடையும் உங்களிடம் ஊசி ஒன்றைக்கூடக் கொடுக்காது என்று சொல்ல. போர்டைக் கழற்ற ஆள் வந்தான். அவனுக்கு அவளே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். பள்ளி ஓனர் நேராக எழுதியதில், அந்த மாடலை எல்லா ஊரிலிருந்தும் கம்பெனி திருப்பி எடுத்துக்கொண்டது. தஸ்நேவிஸுக்குப் புதுப் பட்டம் பெட்டியில் வந்தது. லில்லி அதைப் பீரோ மேல் தூக்கி வைத்தாள், அவன் இறக்கச் சொல்லவில்லை. பள்ளி அவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, கரையில் நின்று சொல்லிக்கொடுக்கிற வேலையைக் கொடுத்தது. ஊன்றுகோலால் மணலில் கோடு போட்டுக் காற்றின் திசையைக் காட்டினான். விண்ணரசியின் கடை இருக்கிற தெருவில் அவன் நடக்கவில்லை. ஐஸ் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போனான்.

பட்டங்கள் வருவது நின்றது. அவள் திரும்பவும் ஜாக்கெட் தைத்தாள், சீருடை தைத்தாள். பெண்கள் மட்டும் போனோடு வந்தார்கள். இப்போது அவளிடம் பேசுவதில்லை. வந்து உட்கார்ந்து, கணவனோடு பேசி, எழுந்து போனார்கள். ஒரு கிணற்றடிக்கு வருவதுபோல வந்தார்கள். அதுவும் சரிதான் என்று அவளுக்குப் பட்டது.

புரட்டாசி முடியப்போகும் சமயம், கச்சான் ஓயுமுன் கடைசியாக ஒரு மூச்சு பலமாக வீசும். அப்படி வீசிய ஒரு பிற்பகல், மூன்று மணி இருக்கும். ஞானப்பூ வாசல்படியில் உட்கார்ந்து கத்தாருக்குப் பேசிக்கொண்டிருந்தாள். விண்ணரசி மேசையில் செய்தித்தாள்களை விரித்து, கல்யாணத்துக்கு வந்த ஜாக்கெட்டுகளுக்கு அளவு வெட்டிக்கொண்டிருந்தாள். கழுத்துக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, கைக்கு ஒன்று என்று தாள்கள் மேசை நிறையக் கிடந்தன. அவற்றின்மேல் கனம் வைக்கிற பழக்கம் அவளுக்கு விட்டுப்போயிருந்தது.

முதலில் காது மடலில் ஒரு குளிர்ச்சி. என்னவென்று புரியுமுன், ஞானப்பூ போனில், "என்ன? கேக்கலையா? நான் இங்கதான் இருக்கேன், விண்ணரசி கடைலதான்…" என்று கத்தினாள். கத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். விண்ணரசியின் தலைப்பு தோளை விட்டு எழும்பிச் சுவரை அறைந்தது. மேசைமேல் இருந்த தாள்கள் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பி, இரண்டு பெண்களின் தலைக்கு மேலாக, வாசலைத் தாண்டித் தெருவுக்குள் பாய்ந்தன.

ஞானப்பூ போனை அணைத்தாள். எழுந்து, சேலையை உதறி, தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

விண்ணரசி தெருவில் ஓடினாள். கழுத்துத் தாள் கோயில் மதிலில் ஒட்டிக்கொண்டது, முதுகுத் தாள் சாக்கடையில் விழுந்தது, மற்றவை கடலைப் பார்த்துப் போயின. காற்று அவள் முதுகைத் தள்ளியது, மயிரை வாயில் திணித்தது, கண்ணில் மணலைப் போட்டது. வாசல்களில் நின்ற பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி உள்ளே போனாள், ஒருவரும் குனிந்து ஒரு தாளைப் பிடித்துக்கொடுக்கவில்லை. நாற்பது வயதில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடுவது வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் அன்று கரையில் நின்று சொன்ன வெட்கத்துக்குப் பக்கத்தில் எவ்வளவோ சின்னதாக இருந்ததால், அவள் ஓடிக்கொண்டேயிருந்தாள்.

ஐஸ் கொட்டகை திருப்பத்தில், பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்த தஸ்நேவிஸ் நின்றான். அவன் காலடியில் ஒரு தாள் உருண்டு வந்தது, கைக்கு வெட்டியது. அவன் அதைப் பார்த்தான். ஊன்றுகோலைத் தூக்கி அதன் நடுவில் ஊன்றினான். தாள் இரண்டு பக்கமும் படபடவென்று அடித்துக்கொண்டது.

அவன் குனியவில்லை. குனிய அவனால் முடியாது. அவளைப் பார்க்கவும் இல்லை, கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். மூச்சு வாங்க வந்து சேர்ந்தவள், அவன் காலுக்கு முன்னால் மணலில் மண்டியிட்டு, தாளின் ஓரங்களை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"புடிச்சுட்டீகளா?" என்று கேட்டான்.

"புடிச்சுட்டேன்."

"நல்லாப் புடிங்க, காத்து பலமா இருக்கு."

அவள் விரல்கள் வெளுக்கிற மட்டும் அழுத்திப் பிடித்தாள். அதற்கப்புறம்தான் அவன் ஊன்றுகோலை எடுத்தான்.